அரைத் தேக்கரண்டி

பதினாலு நாள் வடக்கே,
பதினாலு நாள் வீட்டில்.
இரண்டு விமானம் மாறி
நாட்டின் முழு நீளத்தையும் தாண்டி
புந்தா அரேனாசில் இறங்கினால்
காற்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்.
அதுதான் வரவேற்பு.

இந்த முறை சமையல் மேசையும் காத்திருந்தது:
பழைய செய்தித்தாள்,
வெள்ளைப் பசை இரண்டு குப்பி,
கேக்குக்குப் போடும் பச்சைச் சாயம்,
எலிசியோவின் ரப்பர் பூட்ஸில் ஒற்றை
(ஏன் என்று யாரும் சொல்லவில்லை),
என் சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு
அறுவைக்குத் தயாராக தானிட்சா.

"அப்பா, போராக்ஸ் தெரியுமா உனக்கு?"

தெரியுமாவா.
உப்புப் பாலையில்
அதன் கல்லை லாரி லாரியாக அள்ளுகிறேன்.
புருவத்தில் அது, பல்லிடுக்கில் அது,
வெடித்த உதட்டில் அதன் எரிச்சல்.
ஒரு ஷிப்டுக்கு எத்தனை டன் என்றால்…
"அரைத் தேக்கரண்டி போதும்" என்றாள்.

கண்ணளவுக்காரன் நான்.
பொட்டலத்தைச் சாய்த்தேன்.
கிண்ணத்தில் பசை விறைத்து
பழைய இட்லி போல் உதிர்ந்தது.
அவள் நோட்டை இழுத்து எழுதினாள்:
முயற்சி 1. அப்பா போட்டார். பாழ்.

முயற்சி இரண்டில் நான் பார்வையாளன்.
வெந்நீர் போதவில்லை; தண்ணீராகவே கிடந்தது.
மூன்றில்
சொட்டு, கிளறு,
சொட்டு, கிளறு,
எலிசியோ நாக்கைக் கடித்துக்கொண்டு
கரண்டியைச் சுற்ற
பசை சட்டென்று மனம் மாறியது.
களியும் இல்லை, கூழும் இல்லை,
கிண்ணத்தை விட்டுவிட்டுக்
கரண்டியோடு புறப்பட்டது.

மெல்ல இழுத்தால் முழங்கை வரை வந்தது.
வெடுக்கென்று இழுத்தால் முறிந்தது.
பூட்ஸுக்குள் திணித்து அமுக்கியபோது
சபையில் விடக்கூடாத சத்தம் ஒன்று விட்டது.
ஓ, பூட்ஸ் அதற்குத்தானா.

"இதுக்கு உயிர் இருக்கா?" என்றான் எலிசியோ.
"இல்லை" என்றாள் அக்கா,
"இருக்கிற மாதிரி நடிக்கிறது."

யஸ்னா கடையடைத்து வந்தபோது
ராத்திரிக்கு வைத்திருந்த ஊதா முட்டைக்கோஸ்
சாறாகி ஆறு குவளையில் நின்றது.
எலுமிச்சை விட்டதும் ஒன்று வெட்கப்பட்டுச் சிவந்தது.
சோடா மாவு விழுந்ததும் இன்னொன்று நீலமானது.
"இதில் எதைச் சாப்பிடுவது?" என்றாள் என் மனைவி,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.

தானிட்சா பதில் சொல்லவில்லை.
வாசலில் கிடந்த என் வேலைக் காலணியை எடுத்தாள்,
குதிகாலைத் தட்டினாள்.
வெள்ளைத் தூள் கொஞ்சம் மூன்றாம் குவளையில்.
கலக்கினாள். காத்திருந்தோம்.
ஊதா மெதுவாக நீலத்துக்கு நகர்ந்து
பச்சையின் ஓரத்தில் நின்றது.

எட்டு வருடமாக
வாசலில் உதறிவிட்டு உள்ளே வருகிறேன்.
அது இப்படி ஒரு நிறம் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நோட்டில்:
அப்பாவின் காலணி – நீலப்பச்சை.
எலிசியோவின் எச்சில் – மாற்றமில்லை.
காற்று – தெரியாது. ஜன்னலுக்கு வெளியே நீட்டினோம்.
குவளையைக் கொண்டுபோய்விட்டது.

இரவு பதினொன்றுக்கு
நானும் யஸ்னாவும் மண்டியிட்டுக்
கம்பளத்தில் வினிகர் தேய்த்தோம்.
மூன்றாம் முயற்சி இழை இழையாகக் கரைந்தது.
"இன்னும் பதிமூன்று நாள்" என்றாள்.
என் விடுமுறையைச் சொன்னாளா,
எஞ்சியிருக்கும் ஆபத்தைச் சொன்னாளா,
கேட்கவில்லை.

திரும்பும் நாள், விமான நிலையம்.
சோதனை மேசையில் என் பையைத் திறந்தவள்
சின்ன ஜாடியை விளக்கில் பிடித்தாள்.
"திரவமா?"
"சொல்வது கஷ்டம்."
மூடியைத் திருகிக்
கட்டைவிரலால் குத்தினாள். எதிர்த்தது.
விரலைச் சும்மா வைத்தாள். உள்ளே போனது.
மறுபடி குத்தினாள்.
பின்னால் வரிசை செருமியது.

"என்ன இது?" என்றாள்,
விரலை எடுக்காமலே.

"முயற்சி நான்கு."